கோப்பைத் தேடினால் கோப்பை வருகிறது

மென்பொருள் கையேட்டை யாரும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பதில்லை. நாவலா என்ன? எங்கேயாவது மாட்டிக்கொண்டால்தான் திறப்போம். தேடல் பெட்டியில் ஒரு வார்த்தை அடிப்போம், மேலே வந்த இரண்டு மூன்று முடிவுகளைப் பார்ப்போம், காரியம் முடிந்ததும் மூடிவிடுவோம். அதனால் ஒரு கையேடு எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட, அதில் தேடினால் கிடைக்கிறதா என்பதுதான் முக்கியம். தேடிக் கிடைக்காத பக்கமும் எழுதாத பக்கமும் படிப்பவருக்கு ஒன்றுதான்.

இங்கிலீஷ் கையேடுகளில் இந்தச் சந்தேகமே நமக்கு வருவதில்லை. அடித்தால் வருகிறது. தமிழில் எழுதிய கையேட்டில் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

தமிழில் அப்படிக் கையேடுகள் எங்கே இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு: இருக்கின்றன. கணியம் இணைய இதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. கட்டற்ற மென்பொருள் பற்றி அதில் வந்த தொடர்கள் பல ‘எளிய தமிழில்’ என்று ஆரம்பிக்கும் பெயர்களில் இலவச மின்னூல்களாக வந்திருக்கின்றன. மைஎஸ்கியூஎல், லினக்ஸ், பிஎச்பி என்று நம் சிலபஸில் இருப்பதே பாதி அதில் இருக்கிறது. எழுத ஆள் இல்லை என்ற காலம் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. எழுதியதைத் தேடி எடுப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. எனக்கு இந்த வருடம் அந்த வேலை கொஞ்சம் கையில் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. (நீளம் கொஞ்சம் அதிகம், டீ எடுத்துக்கொண்டு வாருங்கள்.)

முதலில், தேடல் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது? நாம் வார்த்தையை அடித்ததும் கம்ப்யூட்டர் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். அப்படி இல்லை. புரட்டும் வேலை முன்னமே முடிந்துவிட்டது. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் தயாராக இருக்கும். நாரை என்றால் 3, 7, 12. கூடு என்றால் 7, 9. ‘நாரை கூடு’ என்று அடித்தால் இரண்டு வரிசையிலும் பொதுவாக இருக்கும் 7ஐ எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான். பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் அட்டவணையேதான், கொஞ்சம் பெரியது.

இது நமக்குப் புதிதும் அல்ல. வீட்டில் தேவாரமோ திருப்புகழோ இருந்தால் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று ஒன்று இருக்கும். ஒவ்வொரு பாட்டின் முதல் சொற்களும் அகரவரிசையில், பக்கத்தில் எண். ஏன் முதல் சொற்கள்? பாடுபவர் வாயில் நிற்பது அதுதான். எத்தனையாவது பதிகம், எந்த ராகம் என்பதெல்லாம் புத்தகம் போட்டவரின் கணக்கு. தேடுபவருக்கு நினைவில் இருப்பது எதுவோ அதை வைத்து அட்டவணை போட வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். உ.வே.சா.வின் பதிப்புகளிலும் பின்னால் அரும்பத அகராதி இருக்கும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒவ்வொரு சொல்லாகக் கையால் எடுத்து வரிசைப்படுத்திய வேலை அது.

இன்றைய மென்பொருள் கையேடுகளில் இந்த அட்டவணையைக் கருவிகளே போட்டுவிடுகின்றன. அதில் பிரபலமானது ஸ்பிங்க்ஸ். பைத்தான் மொழியின் ஆவணங்களுக்காக கியோர்க் பிராண்டில் எழுதி 2008ல் வெளிவந்தது. லினக்ஸ் கெர்னலும் 2016லிருந்து தன் ஆவணங்களுக்கு இதைப் பயன்படுத்துகிறது. (ஸ்பிங்க்ஸ் என்ற பெயரில் தேடுபொறி ஒன்றும் இருக்கிறது. அது வேறு, இது வேறு.) இதில் எனக்குப் பிடித்த விஷயம், கையேட்டைக் கட்டும்போதே சொல் அட்டவணையும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகத் தயாராகிவிடுகிறது. தேடும் வேலையைச் செய்வது படிப்பவரின் பிரவுசர். சர்வர் தேவையில்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் லேப்டாப்பில் தேடலாம்.

சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாத இடத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்றால் புரியும்.

வேடந்தாங்கல் தெரியும்தானே? மதுராந்தகத்துக்குப் பக்கத்தில், செங்கல்பட்டு மாவட்டம். ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் கூடு கட்டும். சரணாலயமாக 1936ல் அறிவிக்கப்பட்டது, 2022ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் சர்க்கார் அறிவிப்பதற்கு ரொம்ப காலம் முன்பே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் 2015லிருந்து பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணியதை கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தின் ஈபேர்ட் தளத்தில் பதிவார்கள். செல்போனிலேயே செய்யலாம். எங்கள் கல்லூரியில் சிலர் சேர்ந்து, முதல் முறை செய்பவர்களுக்காகத் தமிழில் ஒரு சின்னக் கையேடு தயாரித்தார்கள். பட்டியல் தொடங்குவது எப்படி, எண்ணிக்கை போடுவது எப்படி, இடத்தைக் குறிப்பது எப்படி என்று நாற்பது பக்கம் வரும். எழுதியவர்கள் வேறு. தேடல் பெட்டியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் கொடுத்தார்கள். ஊரில் நாலு பேரிடம் காட்டிச் சோதித்த பிறகுதான் வெளியிடுவது என்று பேச்சு.

அந்தச் சோதனையில் ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியவர். கரையில் நின்றபடியே எந்த மரத்தில் என்ன கூடு, குஞ்சு எத்தனை என்று சொல்லக்கூடியவர். கூழைக்கடா கூட்டைப் போட்டோ எடுத்திருந்தார். அதைப் பட்டியலோடு சேர்க்க வேண்டும். கையேட்டைத் திறந்து, மைக்கை அழுத்தி, "போட்டோ எப்படி ஏத்துறது" என்று கேட்டார். போன் அதை அப்படியே எழுத்தாக்கியது. தேடியதில் முடிவு எதுவும் இல்லை.

கையேட்டில் அதற்கு ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. தலைப்பு ‘ஒளிப்படங்களைப் பதிவேற்றல்’.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? தேடல் சரியில்லை என்று சொல்லவில்லை. "இதுல அது இல்லம்மா" என்றார். போனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

இந்த இடத்தை யோசித்துப் பாருங்கள். ‘முடிவுகள் இல்லை’ என்று திரையில் வருவது நமக்கு ஒரு எர்ரர். வேறு வார்த்தை போட்டுப் பார்ப்போம், ஸ்பெல்லிங் மாற்றுவோம், இங்கிலீஷில் அடிப்போம். பழகாதவருக்கு அது பதில். இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இல்லை. அவ்வளவுதான். அவர் கண்ணில் பட்ட கூடு பட்டியலுக்குள் வராமல் போகும். நாளைக்கு அந்த ஏரியில் எத்தனை கூடு இருந்தது என்று யாராவது கேட்டால் கணக்கில் ஒன்று குறையும். கணக்குத் தெரிந்தவர் கரையிலேயே நிற்கிறார், கணக்கு உள்ளே வரவில்லை.

சரி, ஏன் கிடைக்கவில்லை? ஒரு காரணம் இல்லை, அடுக்கடுக்காக இருக்கின்றன. கீழிருந்து வருகிறேன்.

முதல் அடுக்கு, எழுத்து. பழைய ஆட்களுக்கு டிஸ்கி, டாப், டாம் என்ற பெயர்கள் நினைவிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே எழுத்துக்கு வேறு வேறு எண். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் தேடினால் கிடைக்காது. தமிழ்நாடு அரசு 1999ல் டாப், டாம் குறியேற்றங்களை ஏற்றது, 2010ல் யூனிகோடுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் எல்லாமே யூனிகோடு, பிரச்சனை தீர்ந்தது என்று நினைப்போம். முழுக்கத் தீரவில்லை. ‘கொக்கு’ என்பதில் வரும் கொகரத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே எண்ணாகப் போடலாம், அல்லது எகரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒரே கொக்கு. கம்ப்யூட்டருக்கு இரண்டு கொக்கு. இது பரவாயில்லை. இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது, சீராக்குவதற்கு விதியும் கொடுத்திருக்கிறது. அட்டவணை போடும்போதும் தேடும்போதும் அந்த விதியை ஓட்டினால் போதும்.

கௌதாரியிடம் அது பலிக்காது. ஔகாரக் குறி போட்டு ‘கௌதாரி’ என்று அடிப்பவர்கள் உண்டு. கெ போட்டு, பக்கத்தில் ள போட்டு ‘கெளதாரி’ என்று அடிப்பவர்களும் உண்டு. பார்க்க ஒன்றாக இருப்பதால் அடித்தவருக்கே தெரியாது. யூனிகோடைப் பொறுத்தவரை இவை சமம் கிடையாது, அதனால் சீராக்கும் விதி தொடாது. நாமேதான் தனியாகச் சொல்லித்தர வேண்டும். ‘கவுதாரி’ என்று எழுதுபவர்களையும் சேர்த்தால் ஒரு பறவைக்கு மூன்று வாசல்.

இரண்டாவது அடுக்கு, சொல்லை வெட்டுவது. அட்டவணை போட வேண்டுமானால் வாக்கியத்தைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும். ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ எது என்பதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ஒரு குறி இருக்கிறது, லேபில் போட்டிருப்பீர்கள், பின்சாய்வுக் கோடும் டபிள்யூவும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறிக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் தெரியாது. தமிழ் முழுவதும் அதற்கு வெற்றிடம். பைத்தானில் தமிழ் எழுத்துத் தெரியும், ஆனால் பாதிதான். க, ச, த என்ற உருக்களை எழுத்தாக எடுத்துக்கொள்ளும். புள்ளி, கால், கொம்பு, சுழி எல்லாம் எழுத்தல்ல என்று அங்கே வெட்டிவிடும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’ என்று ஒன்றும் ‘ழ’ என்று ஒன்றும் திரும்பி வரும். நம்பாதவர்கள் வீட்டில் ஓட்டிப் பார்க்கலாம்.

இப்படி வெட்டினால் என்ன ஆகும்? ‘கொக்கு’ மூன்று ககரமாக உடையும். ‘காக்கை’யும் மூன்று ககரம்தான். கொக்கும் காக்கையும் ஒன்றாகிவிட்டன! ‘நாரை’ என்றால் ந, ர. ‘நீர்’ என்றாலும் ந, ர. ‘நேரு’ என்றாலும் அதே. பறவை சரணாலயத்துக் கையேட்டில் நாரையைத் தேடினால் தண்ணீர் வரும் பக்கமெல்லாம் வந்து நிற்கும். ஸ்பிங்க்ஸின் அட்டவணைப் பகுதியில், தனி ஏற்பாடு இல்லாத மொழிகளுக்குச் சொல் பிரிக்கப் பயன்படுவது இந்தக் குறிதான். யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. இங்கிலீஷில் எழுத்துக்கு மேலும் கீழும் ஒட்டிக்கொள்ளும் குறிகள் கிடையாது, அதனால் எழுதியவர் கண்ணில் படவே படாது. இந்தக் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்றுதான் யூனிகோடின் பரிந்துரை சொல்கிறது. பைத்தானிலேயே ரெஜெக்ஸ் என்ற தனி மாட்யூலைப் போட்டால் சரியாக வரும்.

நாங்கள் செய்தது இன்னும் எளிது. இடைவெளியிலும் நிறுத்தற்குறியிலும் மட்டும் வெட்டு, வேறு எங்கும் வெட்டாதே. ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். அட்டவணை கட்டும் பக்கமும் தேடும் பக்கமும் ஒரே விதியில் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருத்தினால் முன்பைவிட மோசமாகும்.

மூன்றாவது அடுக்குதான் தலைப்பில் இருப்பது. தமிழில் சொல் சும்மா நிற்காது, வாலோடுதான் வரும். கூழைக்கடா, கூழைக்கடாவை, கூழைக்கடாவுக்கு, கூழைக்கடாக்களின். இங்கிலீஷிலும் வால் உண்டு. கனெக்ட், கனெக்டட், கனெக்டிங், கனெக்‌ஷன் எல்லாவற்றையும் கனெக்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியை மார்ட்டின் போர்ட்டர் 1980லேயே வெளியிட்டார். பிறகு மற்ற மொழிகளுக்கும் இப்படி விதி எழுத ஸ்னோபால் என்ற சிறு மொழியையும் உருவாக்கினார். 2019ல் வந்த ஸ்னோபால் 2.0ல் தமிழுக்கும் விதிகள் இருக்கின்றன. பெரிய தேடுபொறிகள் பலவற்றுக்கு அடியில் இருக்கும் லூசீனிலும் இப்போது தமிழ் உண்டு. ஆகவே தமிழுக்கு ஒன்றுமே இல்லை என்று இனி சொல்லக்கூடாது.

ஆனால் நம் மொழியில் வாலை மட்டும் வெட்டினால் போதாது, உடம்பும் மாறியிருக்கும். படம், படத்தை. ஏறு, ஏற்று. வீடு, வீட்டில். ‘படத்தை’ என்பதில் ‘ஐ’யை எடுத்தால் ‘படத்து’ நிற்கும், ‘படம்’ வராது. இன்னொரு பக்கம், ஐகாரத்தில் முடிவதெல்லாம் இரண்டாம் வேற்றுமையும் அல்ல. கோப்பு என்றால் ஃபைல். ஃபைலைத் திற என்பதற்கு ‘கோப்பைத் திற’. அகராதியில் பார்த்தால் ‘கோப்பை’ தனிச்சொல், டீ குடிக்கும் கோப்பை, கிரிக்கெட்டில் ஜெயிக்கும் கோப்பை. அகராதியை நம்பும் நிரல் கோப்பையை அப்படியே விட்டுவிடும், உங்கள் ஃபைல் கிடைக்காது. வாலை வெட்டும் நிரல் உலகக் கோப்பையையும் ஃபைலாக்கிவிடும். பக்கத்துச் சொல்லைப் பார்த்து நமக்குத் தெரிகிறது. தனிச்சொல்லாக அட்டவணையில் ஏறிய பிறகு அதற்குத் தெரியாது.

இங்கே ஒரு விஷயம் எனக்குப் புரிந்தது. உலகம் முழுவதையும் தேடும் இடத்தில், வேண்டாதது வந்தால் பெரிய தொந்தரவு. நாற்பது பக்கக் கையேட்டில் அப்படி இல்லை. வேண்டாத இரண்டு பக்கம் கூட வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, வேண்டியது வராமல் போனால்தான் நஷ்டம். ஆகவே சின்னக் கையேட்டுக்குச் சின்ன வைத்தியம் போதும். முழுச்சொல்லுக்கு முடிவு இல்லையென்றால் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு, மீதியில் தொடங்கும் சொற்களைத் தேடு. அப்போதும் இல்லையென்றால் இன்னொன்றை எடு. இரண்டு எழுத்துக்குக் கீழே போகாதே. ‘படத்தை’ மெல்ல மெல்ல ‘பட’ ஆகி, படம் கிடைத்துவிடும். படகும் சேர்ந்து வரும், வரட்டும். எழுத்து என்று இங்கே நான் சொல்வது ஒன்றாம் வகுப்பில் படித்த எழுத்து. ‘தை’ ஒரு எழுத்து, யூனிகோடு கணக்கில் அது இரண்டு.

இத்தனையும் செய்தாலும் அந்தப் பெரியவருக்குப் பக்கம் கிடைக்காது! அவர் கேட்டது போட்டோ, இருப்பது ஒளிப்படம். அவர் சொன்னது ஏத்துறது, இருப்பது பதிவேற்றல். எழுத்தைச் சீராக்கி, வெட்டைச் சரிசெய்து, வாலை நறுக்கினாலும் இவை ஒன்றாகாது. இது நான்காவது அடுக்கு. மென்பொருளால் மட்டும் இதற்கு வழி இல்லை, மனிதர்களைக் கேட்க வேண்டும்.

தமிழில் எழுதுபவர் ஒரு தமிழில் எழுதுகிறார், தேடுபவர் இன்னொரு தமிழில் தேடுகிறார். ஒரே பொருளுக்குப் படம், புகைப்படம், ஒளிப்படம், நிழற்படம், போட்டோ, ஃபோட்டோ. தரவுத்தளம் என்று ஒருவர், தரவுதளம் என்று ஒருவர், தரவுத் தளம் என்று இடைவெளி விட்டு ஒருவர், டேட்டாபேஸ் என்று மீதி எல்லோரும். போதாததற்குத் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள். எது நல்ல தமிழ் என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பக்கத்தில் நல்ல தமிழ் இருக்கட்டும், அழகாகவே இருக்கட்டும். அட்டவணையில் எல்லாத் தமிழும் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை போதும், வழி கேட்பவர்கள் எத்தனையோ விதமாகக் கேட்பார்கள்.

பறவைப் பெயர்களிலும் இதே கதைதான். நாரை என்றால் எந்த நாரை? சாம்பல் நாரை ஒரு குடும்பம், நத்தைக்குத்தி நாரை வேறு குடும்பம். இங்கிலீஷில் ஒன்று ஹெரான், இன்னொன்று ஸ்டார்க். தமிழில் இரண்டும் நாரை. செயலியில் பதியும்போது இது குழப்பும். ‘நாரை’ என்று தேடுபவருக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது தப்பு, இரண்டையும் காட்டி வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். எந்த நிரலும் தானாக இதைக் கண்டுபிடிக்காது. பறவை தெரிந்தவர் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். கையேட்டில் இருக்கும் ஒவ்வொரு வேலையையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதாமல், செய்தே காட்டினோம். எழுதிக் காட்டினால் நம் வார்த்தையை அவர்கள் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். போனில் ஒரு போட்டோவைச் சேர்த்துக் காட்டி, "இதை எப்படிச் செய்றதுன்னு தெரிஞ்சுக்கணும்னா என்னன்னு கேப்பீங்க?" என்று கேட்டோம். ஹாஸ்டல் தோழிகள், அவரவர் அம்மாக்கள், டீக்கடை அண்ணன், ஊரில் சிலர். சொன்னதைச் சொன்னபடி குறித்துக்கொண்டோம். ஒருவர் வாயிலிருந்தும் ஒளிப்படம் வரவில்லை. போட்டோ போடுறது, படம் சேக்குறது, அப்லோட் பண்றது, ‘போட்டோவ உள்ள தள்றது’. கடைசியில் இருப்பது என் அம்மா சொன்னது :-)

அந்தச் சொற்களை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இப்படியும் சொல்வார்கள்’ என்று ஒரு வரியாகப் போட்டோம். மறைத்து வைக்கவில்லை, படிப்பவருக்கும் தெரிகிற மாதிரிதான். ஸ்பிங்க்ஸில் அட்டவணைச் சொற்களை எழுதுபவரே குறிக்கும் வசதியும் இருக்கிறது. குறித்தால் அகரவரிசையில் தனிப்பக்கம் ஒன்று தானாக உருவாகும். அதையும் செய்தோம். அச்சடித்தால் பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் போலவே இருக்கிறது. தேடல் பெட்டி பிடிக்காதவர்கள் அதில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு மாற்றமும் செய்தோம், மிகச் சின்னது, ஆனால் அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். எதுவுமே கிடைக்காவிட்டால் ‘முடிவுகள் இல்லை’ என்று போடுவதை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில், ‘இந்தச் சொல்லில் கிடைக்கவில்லை. கையேட்டில் இருப்பவை இவை’ என்று சொல்லி, முழுப் பொருளடக்கத்தையும் அங்கேயே காட்டும்படி செய்தோம். நாற்பது பக்கம்தானே, கண்ணால் ஓட்டினால் கிடைத்துவிடும். ‘இந்தச் சொல்லில் கிடைக்கவில்லை’ என்பது உண்மை. ‘இல்லை’ என்பது பொய்.

இப்போதெல்லாம் யார் தேடுகிறார்கள், சாட்பாட்டைக் கேட்டால் போச்சு என்று என் வகுப்பில் பாதிப் பேர் சொல்வார்கள். சரிதான், நானும் கேட்கிறேன். போட்டோவும் ஒளிப்படமும் பொருளில் ஒன்று என்பது அவற்றுக்கு ஓரளவு தெரிகிறது, நான்காவது அடுக்கில் பெரிய உதவி. ஆனால் ஒரு குறிப்பிட்ட கையேட்டை வைத்துப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அங்கேயும் முதலில் அந்தக் கையேட்டைத் துண்டு துண்டாக்கி, கேள்விக்குப் பொருத்தமான துண்டைத் தேடி எடுத்துத்தான் ஆக வேண்டும். தேடல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போயிருக்கிறது, காணாமல் போகவில்லை. ஒரு மெனுவின் சரியான பெயர், ஒரு எர்ரர் எண் போன்றவற்றுக்குச் சொல்லுக்குச் சொல் பொருத்தம் இன்னும் வேண்டும். தமிழ்ப் பக்கம் கிடைக்காவிட்டால் அது இங்கிலீஷ் பக்கத்திலிருந்து எடுத்துத் தமிழில் பேசும். நம் ஊர் ஏரிக்கென்று எழுதிய குறிப்பு உள்ளேயே கிடக்கும். முன்பாவது ‘இல்லை’ என்று சொன்னது, இது வேறு எதையோ இருக்கிறது என்று சொல்லும். எது மோசம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆகவே தமிழில் எந்த மென்பொருளுக்காவது கையேடு எழுதப் போகிறீர்கள் என்றால் என் சிபாரிசு இதுதான். எழுதி முடித்ததும் உங்கள் தமிழ் மிஸ்ஸிடம் காட்டுங்கள், பிழை திருத்தித் தருவார். அதற்குப் பிறகு உங்கள் அம்மாவிடமோ பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமோ போனைக் கொடுத்து, தேடல் பெட்டியில் முதலில் என்ன அடிக்கிறார்கள் என்று பேசாமல் பாருங்கள். நடுவில் குறுக்கிட்டு உதவி செய்யாதீர்கள், அது ரொம்ப கஷ்டம், எனக்குத் தெரியும். அவர்கள் அடித்த அந்த முதல் வார்த்தையைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கையேட்டில் இன்னும் எழுதாமல் விட்டுப்போன வார்த்தை அதுதான்.